ஆறாம் இலக்க றொட்டை நிமிர்த்தியவர் யார்?

போன மாதம் மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் தமிழ்ப் பொறியியலாளர்கள் சிலர் கூடி, பழைய விமானங்களைப் பற்றி ஒரு பேச்சு வைத்தார்கள். ஓய்வுபெற்றவன், வேறு வேலை இல்லை, போயிருந்தேன். திரையில் காற்றால் குளிரும் ஒன்பது சிலிண்டர் ரேடியல் எஞ்சின் ஒன்றின் படம் வந்தது. நான் கழற்றிப் பூட்டிய வகை. கண் குளிரப் பார்த்துக்கொண்டிருக்கையில் படத்துக்குக் கீழே ஒரு வரி தோன்றியது: "கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கி இணைப்புத் தண்டு முறிவது, இவ்வகை எஞ்சினின் வடிவமைப்பிலேயே உள்ள குறை."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சு முடிந்து தேநீர் குடிக்கும்போது பேசியவரைப் பிடித்தேன். நல்ல பிள்ளை, இங்கே படித்த பொறியியலாளர்.

"தம்பி, அந்த வரியை எங்கயிருந்து எடுத்தனீர்?"

"ஒரு பழைய விபத்து ரிப்போர்ட்டில இருந்து, அங்கிள். கொம்பனியே எழுதினது. ஏன், பிழையோ?"

"வரி பிழையில்லை. அதை எழுதின ஆளை எனக்குத் தெரியும்."

அவருடன் நின்ற இன்னொருவர், "அப்ப எழுதித் தாங்கோ அண்ணை, எங்கட ஆண்டு மலரில போடுவம்" என்றார். மலருக்கு இனிமையான நினைவுகள்தான் வேண்டும் என்று பிறகு தொலைபேசியில் சொன்னார்கள். இனிமையாக எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அகதியாக மொன்றியலுக்கு வந்து, பாத்திரம் கழுவி, பிரெஞ்சு வகுப்புக்குப் போய், சென்ட் லோரன்டில் ஒரு எஞ்சின் பட்டறையில் சேர்ந்த கதை எல்லாருக்கும் பொதுவானது, அதை விடுகிறேன். முதலில் எஞ்சின் பாகங்களைக் கழுவும் தொட்டியில் நின்றேன். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்திருந்ததால் இரண்டு வருடத்தில் பரிசோதனை மேசைக்கு ஏற்றினார்கள். ஏற்றியவர் ராகவன் சார். சென்னைக்காரர், எனக்கு முன்பே நீண்ட காலமாக இந்த நகரில் இருந்தவர். பட்டறையின் தரக்கட்டுப்பாடு முழுதும் அவர் கையில்.

அவரைப் போல எஞ்சினை மதித்த மனிதரை நான் பார்த்ததில்லை. மேசைக்குக் கிட்ட வருமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி மேலங்கிப் பைக்குள் போடுவார். எந்தப் பாகத்தையும் இரண்டு கையாலும்தான் தூக்குவார். கம்பளித் துணி விரிக்காத மேசையில் யாராவது ஒரு பாகத்தை வைத்தால் சத்தம் போடமாட்டார். தானே போய்த் துணியை எடுத்து வந்து விரித்து, பாகத்தைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டுப் போவார். அடுத்த முறை நாங்கள் முதலில் துணியைத்தான் தேடுவோம்.

புதிதாக வருகிறவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்பார். "ரேடியல் எஞ்சின்ல ஒரு வரிசைக்கு எப்பவும் ஒற்றைப்படையிலதான் சிலிண்டர். ஏன்?" யாருக்கும் தெரியாது. உணவு மேசையில் ஒன்பது கடதாசிக் கோப்பைகளை வட்டமாக வைப்பார். எஞ்சினின் நடு அச்சு இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு தடவை வெடிக்க வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போவார்: ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. விரல் நிற்காமல் அப்படியே இரண்டு, நான்கு, ஆறு, எட்டு என்று ஓடி மறுபடி ஒன்றில் வந்து நிற்கும். "எட்டு வச்சா இந்த ஓட்டம் வராது. இதைக் கண்டுபிடிச்சவன் எவ்வளவு யோசிச்சிருப்பான் பாருங்க" என்பார். கண்கள் ஈரமாகுமோ என்று இருக்கும்.

அந்த வடிவமைப்பைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. சிலிண்டர்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுற்றி நிற்கும். தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, குழாய் இல்லை. ஒவ்வொரு சிலிண்டரின் மேலும் மெல்லிய உலோக வரிகள் அடுக்கடுக்காக இருக்கும். முன்னால் இருந்து வரும் காற்று அவற்றுக்குள் புகுந்து சூட்டைக் கொண்டு போய்விடும். தண்ணீர் உறைந்து கல்லாகும் வட கியூபெக்கில் இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்பது பிஸ்டன்களுக்கும் ஒரே மையம். ஒரு பெரிய றொட்டில் மற்ற எட்டு றொட்டுகளும் தொங்கும். இணைப்புத் தண்டு என்று எழுதலாம், பட்டறையில் நாங்கள் றொட் என்றுதான் சொன்னோம்.

கீழே தலைகீழாகத் தொங்கும் சிலிண்டர்களுக்குள், எஞ்சின் நிற்கும் நேரத்தில் எண்ணெய் கசிந்து இறங்கும் என்பது உண்மை. எண்ணெயை நசுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் பண்ணினால் பிஸ்டன் எண்ணெயில் மோதும், றொட் வளையும். இதை வடிவமைத்தவர்கள் மறைக்கவில்லை. கைநூலில் எழுதி வைத்தார்கள்: ஸ்டார்ட் பண்ணுமுன் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார். தடுத்தால் கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடி. வளைந்த றொட்டை எறி, நிமிர்த்தாதே. இதற்கு மேல் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்கு என்ன சொல்ல முடியும்?

ராகவன் சார் அந்தக் கடைசி வசனத்தைத் தன் பாணியில் சொல்லித் தந்தார்: "வளைஞ்ச ராடு திரும்ப நேராகாது கணேஷ். நேரா இருக்கற மாதிரி நடிக்கும்."

ஒரு வசந்தத்தில், வடக்கே ஏரிகளில் இறங்கும் மிதவை விமானம் ஒன்றின் எஞ்சின் வந்தது. வழக்கம்போல ஸ்டாண்டில் பூட்டி, சிலிண்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். பெரிய றொட் ஓடும் சிலிண்டரைக் கடைசியில்தான் எடுப்போம். முதலில் எடுத்தால் அது சரிந்து மற்றவற்றை இடிக்கும். கழுவிக் காய்ந்த றொட்டுகள் என் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றின் இரு துளைகளிலும் அரைத்து மினுக்கிய உருக்கு உருளைகளைச் செருகி, சமதளக் கல்லின் மேல் தாங்கிகளில் கிடத்தி, மேலே உள்ள உருளையின் இரு முனைகளிலும் டயல் அளவுகருவியின் முள்ளை ஓட்டிப் பார்ப்பேன். இரு முனையும் ஒன்றாக இருந்தால் றொட் நேர். ஆறாம் இலக்க றொட்டில் முள் ஒன்றாக நிற்கவில்லை. திருப்பி வைத்தேன், துடைத்து வைத்தேன், மூன்று தரம் அளந்தேன். கீழே தொங்கும் சிலிண்டர்களில் ஒன்றின் றொட் அது. எப்போதோ யாரோ எண்ணெயோடு ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார்கள்.

பாவிக்கக்கூடாது என்று சிவப்பு அட்டை கட்டினேன். பட்டறைத் தாளில் றொட்டின் தொடர் இலக்கத்தோடு ஆங்கிலத்தில் எழுதினேன். என் சட்டைப்பைக் கொப்பியிலும் வழக்கம்போலத் தமிழில் குறித்தேன்.

பதிலுக்குப் புது றொட் எங்கும் கிடைக்கவில்லை என்று கதை அடிபட்டது. இரண்டு கிழமையில் எஞ்சின் பெட்டி கட்டி வெளியே போனது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். புது றொட் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேன்.

அந்தக் கோடை முடியுமுன் அதே எஞ்சின் திரும்பி வந்தது. சிலிண்டர் வரிகளுக்குள் ஏரிச் சேறு காய்ந்திருந்தது. ஏரியில் இருந்து எழும்பி மரங்களுக்கு மேலே போகும்போது எஞ்சின் நின்றிருக்கிறது. ஓட்டியவர் ஜொஸெலின் என்ற பெண். வலது கால் நசுங்கி உயிர் தப்பினார். அவர் ஏற்றிப்போன பயணி, வடக்கின் பூர்வகுடிகளான கிறீ இனத்து முதியவர் ஒருவர். மொன்றியலில் இதயச் சத்திரசிகிச்சை முடிந்து, வீடு திரும்பிக்கொண்டிருந்தார். தண்ணீரில் இறந்துபோனார்.

அரசாங்க விபத்து விசாரணையாளர் ஒருவர் வந்து பக்கத்தில் நிற்க, எஞ்சினைத் திறந்தோம். ஆறாம் இலக்க றொட் இரண்டாக முறிந்து கிடந்தது. கையில் எடுத்து இலக்கத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது நான் அளந்த அதே தொடர் இலக்கம். முறிவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். மறுபக்கத்தில், மேலும் கீழுமாக இரண்டு பள்ளங்கள். அழுத்தும் இயந்திரத்தில் இரண்டு கட்டைகளின் மேல் வைத்து நடுவில் அமுக்கினால் சரியாக இந்த மூன்று இடத்தில்தான் தடம் விழும். வெடிப்பு அந்த ஒற்றைப் பள்ளத்தில் தொடங்கி உள்ளே வளர்ந்திருந்தது. விசாரணையாளர் படம் எடுத்தார், துண்டுகளை ஆய்வுகூடத்துக்கு எடுத்துப் போனார். நான் வாய் திறக்கவில்லை. எங்கள் குடியுரிமைக் கடதாசிகள் இன்னும் வந்திருக்கவில்லை. பயம்.

அடுத்த வாரம் ராகவன் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று எங்கள் பட்டறைக் கொம்பனியின் அறிக்கை; நான் மேலே சொன்ன அந்த வரி அதில்தான் இருந்தது. அதற்குக் கீழே, விமானி புரொப்பெல்லரைக் கையால் சுற்றத் தவறியிருக்கலாம் என்று இன்னொரு வரி. மற்றது பரிசோதனைத் தாள். புதிதாகத் தட்டச்சு செய்தது. ஆறாம் இலக்கத்துக்கு நேரே "அளவுக்குள் உள்ளது" என்று இருந்தது.

"இதுல ஒரு இனிஷியல் போடுங்க கணேஷ்."

"சேர், இது என்ர தாள் இல்லை."

"பழசுல எண்ணெய் கொட்டிடுச்சு. திரும்ப டைப் பண்ணச் சொன்னேன். அவ்வளவுதான்."

"ஆறாம் இலக்கத்துக்கு நான் சிவப்பு அட்டை கட்டினனான்."

"கட்டினீங்க. நான் திரும்ப அளந்தேன். லிமிட்டுக்குள்ள இருந்தது."

"நிமித்தினாப் பிறகு அளந்திருப்பியள்."

அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்காரவில்லை.

"நானேதான் பிரஸ்ல வச்சேன். வேற யாரையும் தொட விடல. முள் அசையவே இல்ல, தெரியுமா? அவ்வளவு நேரா இருந்தது. புது ராடுக்கு எட்டு மாசம் ஆகும்னாங்க. ஏரியில ஐஸ் உருகியாச்சு, அவங்களுக்கு ப்ளேன் வேணும். நான் என்ன பண்றது?"

"வளைஞ்ச றொட் நேரா இருக்கிற மாதிரி நடிக்கும் எண்டு எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்."

அவர் முகம் சுருங்கியது. அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "இதுல பொய் எங்க இருக்கு, காட்டுங்க. கீழ்ச் சிலிண்டர்ல எண்ணெய் தேங்குமா, தேங்காதா? அது டிசைன்ல இருக்கா, இல்லையா?"

இன்றைக்கும் என் இரத்தம் கொதிப்பது அந்தக் கேள்விக்குத்தான். ஆம், பொய் இல்லை. ஒவ்வொரு வசனத்தையும் தனியாக எடுத்தால் எல்லாம் உண்மை. ஒன்பது கோப்பைகளை வைத்து அந்த எஞ்சினைக் கும்பிடாத குறையாகப் பேசிய மனிதர், தன் கைப்பிழையைத் தூக்கி அதன் தலையில் வைத்தார். எப்போதோ செத்துப்போன வடிவமைப்பாளர்கள் வந்து மறுக்கப் போவதில்லை. கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெண்ணாலும் உடனே மறுக்க முடியாது.

"அந்தப் பிள்ளை கையால சுத்தேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். நீங்கள் பாத்தனீங்களோ, சேர்?"

"சுத்தாம இருந்திருக்கலாம்னுதான் எழுதியிருக்கேன்."

"நான் இதில கையெழுத்து வைக்கமாட்டன்."

அவர் இரண்டு தாள்களையும் ஒன்றாக அடுக்கினார். பிறகு மிக மெதுவாக, அக்கறையோடு விசாரிப்பவர் போல, "உங்க பேப்பர்ஸ் இன்னும் வரலை இல்ல? வேலைக்கு லெட்டர் நான்தானே குடுத்தேன்?" என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பயந்திருப்பேனோ தெரியாது. அந்த மெதுவான குரல்தான் என்னை வெளியே நடக்க வைத்தது.

வீட்டில் வதனி, என் மனைவி, முகத்தைப் பார்த்ததும் கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"கையெழுத்துப் போட்டிட்டியளோ?"

"இல்லை."

"பேப்பர் வராட்டி?"

"தெரியாது."

அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து எனக்கு முன்னால் இருந்தாள். "செத்த மனுசனுக்கும் பிள்ளையள் இருக்குமெல்லே" என்றாள். பிறகு எழும்பிப் போய், அலுமாரியில் கிடந்த என் பழைய சட்டைப்பைக் கொப்பிகளைக் கொண்டுவந்து போட்டாள். அந்த வசந்தத்துக் கொப்பியை இரண்டு பேருமாகத் தேடி எடுத்தோம். அடுத்த நாள் விசாரணையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மூன்றாம் நாளே என்னைத் திரும்பக் கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள். ஆட்கள் குறைவு என்று காரணம் சொன்னார்கள்.

மரண விசாரணை அடுத்த வருடம் நடந்தது. ஜொஸெலின் ஊன்றுகோலோடு வந்தார். ஒவ்வொரு நாளும் ஸ்டார்ட் பண்ணுமுன் புரொப்பெல்லரின் இதழ்களை ஒன்று, இரண்டு என்று பிரெஞ்சில் சத்தமாக எண்ணிச் சுற்றுவாராம். அன்றைக்கும் சுற்றினார். படகுத்துறையில் காத்திருந்த முதியவர், தானும் சேர்ந்து கிறீ மொழியில் எண்ணிச் சிரித்தார் என்று சொன்னார். அதைக் கேட்டதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அந்த முதியவரின் மகள்.

என் முறை வந்தது. கொப்பியை நீட்டினேன். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண்ணை அழைத்திருந்தார்கள். அவர் வாசித்தார்: "இலக்கம் ஆறு. வளைவு. மூன்று தரம் பார்த்தது. சிவப்பு அட்டை." கொம்பனியின் வழக்கறிஞர் எழும்பி, 'வளைவு' என்ற சொல் றொட்டின் இயல்பான வடிவத்தைக் குறிக்கலாம் அல்லவா என்று கேட்டார். "இல்லை. வளைந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்" என்றார் அந்தப் பெண். வழக்கறிஞர் என் பக்கம் திரும்பினார்.

"றொட்டை யாராவது நிமிர்த்தியதை உங்கள் கண்ணால் கண்டீர்களா?"

"காணேல்லை. ஆனா..."

"கண்டதை மட்டும் சொல்லுங்கள்."

அதோடு என்னைச் சாட்சிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். எனக்குப் பிறகு ராகவன் சார் ஏறினார். பதிவேடுகளில் அப்படி ஒரு வேலை குறிக்கப்படவில்லை என்றார். தனக்கு நினைவில்லை என்றார். ஒன்பது சிலிண்டர்களும் எந்த ஒழுங்கில் வெடிக்கும் என்பதைத் தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனிதர் அவர்.

முடிவு நல்லதாகத்தான் வந்தது என்று சொல்லவேண்டும். றொட் முன்பு வளைந்திருந்தது, கைநூலுக்கு மாறாக நிமிர்த்தப்பட்டது, விமானியின் மேல் பிழை இல்லை என்று தீர்ப்பு எழுதினார்கள். ஜொஸெலின் நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு மறுபடி பறந்தார். பட்டறை ரேடியல் எஞ்சின் வேலையை விட்டது. பிறகு பெயரையும் மாற்றிக்கொண்டது. எங்கள் கடதாசிகள் தாமதித்து வந்தன. நான் வேறு தொழிற்சாலைக்கு மாறி, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். ஆனால் "நிமிர்த்தப்பட்டது" என்ற அந்தச் சொல்லைப் பாருங்கள். யாரும் நிமிர்த்தவில்லை, அதுவாக நடந்தது போல! கொம்பனியின் பழைய அறிக்கையில் குற்றவாளி வடிவமைப்பு. தீர்ப்பில் குற்றவாளியே இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல பிள்ளை மண்டபத்தில் எடுத்துக் காட்டுவது அந்தப் பழைய அறிக்கையை. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

விசாரணையின் கடைசியில் நடந்ததை நான் வதனியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. குடும்பத்தார் கேட்க ஏதும் உண்டா என்று விசாரணை அதிகாரி கேட்டபோது, முதியவரின் மகள் எழும்பினார். அவர் கிறீயில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார்.

"அதை நிமிர்த்தியவர் யார்?"

அதிகாரி கனிவாகத்தான் பதில் சொன்னார். மரணத்தின் காரணத்தை அறிவதே தன் வேலை. யாரையும் குற்றவாளி என்று சொல்லச் சட்டம் தனக்கு இடம் தரவில்லை. பதிவேட்டிலும் பெயர் இல்லை. அந்தப் பெண் மறுபடி கதிரையில் அமர்ந்தார். 

வெளியே நடைபாதையில் அவர் தனியாகச் சுவரோடு நின்றார். நான் கிட்டப் போனேன். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஏறக்குறைய ஒரே அளவு. "உங்களுக்குத் தெரியுமா?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"தெரியும்" என்றேன். "அவரே என்னிடம் சொன்னார்." பெயரைச் சொன்னேன். லிஃப்டுக்கு முன்னால், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற மனிதரைக் காட்டினேன். பிறகு என் பெயரையும் சொன்னேன். "வளைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். அந்த எஞ்சின் வெளியே போனபோது, ஆறாவது றொட் எங்கே என்று கேட்காமல் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு பெயரையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். தன் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னை விட்டு ராகவன் சாரை நோக்கி நடந்தார்.

அவர் வருவதை ராகவன் சார் கண்டார். லிஃப்டின் கதவு திறந்தது. உள்ளே நின்றவர்கள் இடம் விட்டு ஒதுங்கினார்கள். சார் ஏறவில்லை. கதவு மூடியது. அவர் தன் கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெண் வரும்வரை அங்கேயே நின்றார்.